மாருதி 800 என்ஜின் இன்னும் தாங்குமா? வியாபாரிகளுக்கு ஒரு விளக்கம்

மளிகைக் கடைகளின் வாசலில் இன்றும் மாருதி ஆம்னி வேன் நிற்பதைப் பார்க்கலாம். காலையில் மொத்தக் கடைக்கு வந்து சர்க்கரை, பருப்பு, எண்ணெய் டின் ஏற்றிக்கொண்டு போகும். மாலையில் வீடு வீடாகச் சரக்குப் போடும். சிலரிடம் பழைய மாருதி 800 காரும் உண்டு. இரண்டிலும் இருப்பது 796 சி.சி. என்ஜின்தான். "காலாவதியான டிசைன், தள்ளிவிடுங்கள்" என்பார் ஒருவர். "அந்த என்ஜினுக்கு ஈடு இன்னும் வரவில்லை, கைவிடாதீர்கள்" என்பார் இன்னொருவர். இருவருமே எடை போடாமல் விலை சொல்கிறவர்கள்.

சிறு கடைக்கு வண்டி மாற்றுவது என்பது ஓராண்டு லாபத்தை விழுங்கக்கூடிய செலவு. மாற்ற வேண்டிய வண்டியை மாற்றாமல் வைத்திருப்பதும் நஷ்டம்தான். ஆகவே ஒரு பழைய என்ஜினைத் தரம் பார்ப்பது எப்படி என்பதை, நாம் அன்றாடம் சரக்குப் பார்க்கிற முறையிலேயே இங்கே விளக்க முயல்கிறோம்.

ரகம் வேறு, மூட்டை வேறு

பொன்னி நல்ல ரகம். ஆனால் நம் கிடங்கில் இருக்கும் ஒரு பொன்னி மூட்டையில் வண்டு விழுந்திருக்கலாம். அதற்காகப் பொன்னி ரகமே மோசம் என்று எந்த அரிசி வியாபாரியும் சொல்ல மாட்டார். ரகம் நல்லது என்பதற்காக வண்டு விழுந்த மூட்டையை வாங்கவும் மாட்டார்.

என்ஜினுக்கும் இதே நியாயம்தான். டிசைன் என்பது ரகம். உங்கள் வண்டியில் இருக்கும் என்ஜின் ஒரு மூட்டை. ஆயில் குடிக்கிறது, புகை விடுகிறது, மேட்டில் இழுக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் தேய்மானம். அந்த மூட்டையின் குறை. புதிதாக இருந்தபோதே அந்த என்ஜினால் செய்ய முடியாத வேலை எதுவோ, அதுதான் டிசைனின் குறை. இந்த இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதுவதால்தான் நல்ல வண்டி அடிமாட்டு விலைக்குப் போகிறது, ஓய்ந்த வண்டிக்கு வீண் செலவும் ஆகிறது.

இந்த ரகம் வந்த வழி

இந்த மூன்று சிலிண்டர் என்ஜின் 1970களின் இறுதியில் ஜப்பானில் சுசுகி கம்பெனி தன் சிறிய கார்களுக்காக உருவாக்கியது. எப்8பி என்பது அதன் பெயர். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோது நம் நாட்டுச் சாலைக்கு வந்தது. 1984இல் அதே என்ஜினோடு மாருதி வேன் வந்தது. 1988 முதல் அதற்கு ஆம்னி என்று பெயர். 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. ஆம்னி 2019 வரை ஓடியது. 2000இல் வந்த ஆல்டோ காரில் இதே குடும்பத்தைச் சேர்ந்த, மேம்படுத்திய 796 சி.சி. என்ஜின் இருந்தது. அதன் வழிவந்த ஆல்டோ 800 காரின் உற்பத்தி 2023இல்தான் நிறுத்தப்பட்டது. ஆக ஒரு என்ஜின் குடும்பம் நம் நாட்டில் சுமார் 40 ஆண்டுகள் விற்பனையில் இருந்திருக்கிறது.

அம்பாசிடரின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே உடம்பு அப்படியே இருந்தது. உள்ளே என்ஜின் மாறியது. இங்கிலாந்தில் 1940களின் இறுதியில் பிறந்த பி.எம்.சி. குடும்பத்தைச் சேர்ந்த 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், அந்த கனத்த உடம்பை இழுக்கத் திணறியதால் 1992இல் இசுசு கம்பெனியின் 1.8 லிட்டர் என்ஜினைப் பொருத்தினார்கள். மாருதியில் உடம்பு பலமுறை மாறியது. என்ஜின் குடும்பம் நிலைத்தது. சிறிய, எடை குறைந்த வண்டிக்கு அந்தச் சிறிய என்ஜின் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியதே காரணம். எந்த என்ஜினையும் தனியே எடுத்து நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது. எதை இழுக்க என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

எது பழசாயிற்று, எது ஆகவில்லை

என்ஜினை ஒரே பொருளாகப் பார்க்காமல் பகுதி பகுதியாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

அடிப்பகுதியான பிளாக், பிஸ்டன், கிராங்க் ஆகியவற்றின் அமைப்பு இன்றும் பழசாகவில்லை. ஒவ்வொரு பிஸ்டனும் 68.5 மில்லி மீட்டர் குறுக்களவு கொண்டது. 72 மில்லி மீட்டர் மேலும் கீழும் போய்வரும். மொத்தம் மூன்று சிலிண்டர். மாருதி வந்த புதிதில், மூன்று சிலிண்டர் என்ஜினில் அதிர்வு அதிகம், நான்கு இருந்தால்தான் கார் என்று பேசியவர்கள் உண்டு. இன்று நிலைமை என்ன? எரிபொருளை மிச்சப்படுத்தப் பல கம்பெனிகள் மூன்று சிலிண்டருக்கே வந்துவிட்டன. நான்கு சிலிண்டரோடு ஓடிய சுவிப்ட் காரில்கூட 2024இல் மூன்று சிலிண்டர் என்ஜின்தான் வந்தது. பழசு என்று ஒதுக்கியது திரும்பவும் நடப்புக்கு வந்திருக்கிறது.

பழசானது என்ஜினின் மேல்பகுதி. எப்8பி என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு வால்வு, ஒன்று காற்றை இழுக்க, ஒன்று புகையை வெளியேற்ற. ஆல்டோவில் வந்த மேம்பட்ட என்ஜினில் சிலிண்டருக்கு நான்கு. கடைக்கு ஒரு வாசல் இருந்த இடத்தில் இரண்டு வாசல் வைத்தால் கூட்டம் சீக்கிரம் வந்துபோவதைப் போல, என்ஜினும் தாராளமாக மூச்சு விடும். பழைய 800 காரில் சுமார் 39 குதிரைத்திறன். அதே 796 சி.சி.யில் ஆல்டோ 800 தந்தது 47. கொள்ளளவு மாறாமல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதிகம் கிடைத்திருக்கிறது.

அதைவிட அதிகம் பழசானது கார்புரேட்டர். அதில் உள்ள ஜெட் என்னும் சிறு துளையின் அளவு நிரந்தரம். குளிரோ வெயிலோ, மேடோ பள்ளமோ, அதற்குத் தெரியாது. கண்திட்டமாக அள்ளிப்போடும் கையைப் போன்றது அது. 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்த எம்.பி.எப்.ஐ. முறையில் புகைக்குழாயில் ஓர் உணர்கருவி இருந்து, எரிந்தது சரியா என்று பார்த்துக்கொண்டே பெட்ரோலை அளக்கிறது. அது மின்னணுத் தராசு. ஆகவே "மாருதி என்ஜின்" என்று பொதுவாகப் பேசாமல், உங்கள் வண்டியில் இருப்பது கார்புரேட்டரா, எம்.பி.எப்.ஐ.யா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் தனித்தனித் தரம்.

சட்டம் வைத்த எடைக்கல்

நம் பழைய தட்டுத் தராசு சரியாகத்தான் எடை காட்டும். ஆனாலும் முத்திரை இல்லாவிட்டால் அதைக் கடையில் வைக்க முடியாது. என்ஜினுக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டு. அதுதான் புகை விதி.

1995இல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரும் ஈயமில்லாப் பெட்ரோலும் கட்டாயமாயின. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. பிறகு பாரத் ஸ்டேஜ் விதிகள் படிப்படியாக வந்தன. 2010இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நான்காம் நிலை வந்தபோது, 800 கார் அந்த நகரங்களின் விற்பனையிலிருந்து விலகியது. 2017இல் நான்காம் நிலை நாடு முழுவதற்கும் வந்தது. 2020இல் ஆறாம் நிலை. பெட்ரோல் காரில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற ஒரு நச்சை மட்டும் எடுத்துக்கொண்டால், மூன்றாம் நிலையில் கிலோ மீட்டருக்கு 150 மில்லி கிராம் வரை அனுமதி, நான்கில் 80, ஆறில் 60. ஆல்டோ 800 இந்த ஆறாம் நிலையையும் 2019லேயே தாண்டியது. 2023இல், ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்லாமல் சாலையில் ஓடும்போதும் அளக்க வேண்டும் என்ற விதி வந்த சமயத்தில் அது விடைபெற்றது.

இந்த விதிகள் புதிதாக விற்கும் வண்டிக்கு உரியவை. 2005இல் வாங்கிய வண்டியை 2020 விதிக்கு உட்படுத்த மாட்டார்கள். அது தயாரான காலத்து விதிப்படி புகைச் சான்று பெற்றால் போதும். ஆகவே "இந்த என்ஜினை நிறுத்திவிட்டார்கள், அதனால் ஓட்டக் கூடாது" என்பது தவறான வாதம்.

15 ஆண்டு ஆனால் வண்டியை உடைத்தே தீர வேண்டும் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. தில்லி வட்டாரத்துக்கென்று வந்த ஆணைகளையும், அரசு வண்டிகளுக்கு 2023இல் வந்த விதியையும் கேட்டு எழுந்த குழப்பம் இது. நம் மாநிலத்தில் சொந்த உபயோக வண்டி தகுதிச் சோதனையில் தேறினால், ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். செலவுதான் கூடியிருக்கிறது: காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025இல் மேலும் உயர்ந்தது.

சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வேனில் தினசரி வியாபாரச் சரக்கு ஏற்றினால், விபத்துச் சமயத்தில் காப்பீட்டுக் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. ஆர்.சி. புத்தகத்தில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

பழைய டிசைனுக்கு இன்று வந்திருக்கும் உண்மையான சோதனை இதுதான். 2025 முதல் நாடெங்கும் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கிறது. எப்8பி என்ஜினை வரைந்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க முடியாது.

இதில் மூன்று விஷயங்கள். முதலாவது மைலேஜ். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதக் கலப்பிலிருந்து 20க்குப் போகும்போது, லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி சுமார் மூன்றரை சதவீதம் குறையும். 14 கிலோ மீட்டர் கொடுத்த வண்டி பதின்மூன்றரை கொடுத்தால் என்ஜினைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டாவது ரப்பர். பழைய வண்டியின் பெட்ரோல் குழாய், கார்புரேட்டரின் டயாபிரம், வாஷர் ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பலாம், பிறகு வெடிக்கலாம். ஆம்னியில் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அங்கே பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்கள் கிடைக்கின்றன; அவற்றை மாற்றுவது பெரிய செலவல்ல. கார்புரேட்டர் வண்டியில் கலவை சற்று மெலிந்து, காலையில் கிளம்பத் தயங்குவதும், அதிகம் சூடாவதும் நேரலாம். டியூனிங் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எம்.பி.எப்.ஐ. வண்டி இதை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும்.

மூன்றாவது ஈரம். மழைக்காலத்தில் திறந்து வைத்த வெல்லம் கசிவதைப்போல எத்தனாலும் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்க் துருப்பிடிக்க இது வழி. தினமும் ஓடும் வண்டிக்கு இந்தக் கவலை குறைவு.

செலவு குறைக்க, சமையல் காஸ் சிலிண்டரை வேனில் வைத்து ஓட்டும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது சட்ட விரோதம். அதைவிட, இருக்கைக்குப் பின்னால் குண்டை வைத்துக்கொண்டு போவதற்குச் சமம். அந்த மிச்சம் நமக்கு வேண்டாம்.

வேலைக்குத் தகுந்த என்ஜினா?

டார்க் என்று மெக்கானிக்குகள் சொல்லும் முறுக்கு விசைதான் சரக்கை நகர்த்துகிறது. ஆம்னியில் அது சுமார் 59 நியூட்டன் மீட்டர். ஆம்னியின் இடத்தைப் பிடித்திருக்கும் ஈக்கோவின் 1.2 லிட்டர் என்ஜினில் சுமார் 104. டிசைனின் எல்லை இங்கே தெரிகிறது. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் 59, 104 ஆகாது.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். அதில் ஓட்டுநர், உதவியாள் எடையையும் கழியுங்கள். மிச்சம் எத்தனை மூட்டை என்று கணக்கிட்டு, உங்கள் வழக்கமான லோடு அதற்குள் இருக்கிறதா பாருங்கள். டவுனுக்குள் பத்து கிலோ மீட்டர் சுற்றில் சமதரையில் சரக்குப் போடும் கடைக்கு இந்த என்ஜின் இன்றும் தாராளமாகப் போதும். அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலைப் பாதையில் தினமும் ஏறுகிறவருக்கு இது புதிதாக இருந்தபோதே போதாது.

மூட்டையைக் குத்திப் பார்க்கும் முறை

பழைய வண்டி வாங்கும்போதும், சொந்த வண்டிக்குச் செலவு செய்யும் முன்பும் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது காலையில் கிளப்புங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

2. புகையின் நிறம் பேசும். நீலப் புகை, ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு சீல் போயிருக்கும். கருப்பு, பெட்ரோல் அதிகம் போகிறது. என்ஜின் சூடான பிறகும் தொடரும் அடர்ந்த வெள்ளைப் புகை, தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

3. ஆயில் மூடியைத் திறந்தால் மோர்போல வெளுத்திருக்கிறதா? ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். இந்த என்ஜினில் ஹெட் அலுமினியம். தண்ணீர் குறைந்து அதிகம் சூடேறினால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய், விசிறி மூன்றும் சரியாக இருந்தால் பாதி ஆயுள் காப்பாற்றப்பட்டது.

4. கம்ப்ரெஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் நெருக்கமாக இருக்க வேண்டும். இரண்டு நன்றாக இருந்து ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் வேலை இருக்கிறது.

5. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். அறுந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். தீபாவளி வாரத்தில் அறுந்தால் பெல்ட் விலையோடு நஷ்டம் முடியாது.

6. தரையையும் கதவுக்கு அடியையும் துருப் பாருங்கள். என்ஜினை இறக்கி வேலை பார்த்துவிடலாம்; அரித்துப்போன உடம்புக்கு வழியில்லை. உப்பு மூட்டை ஏற்றிய வண்டியில் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

பாகங்களைப் பொறுத்தவரை, லட்சக்கணக்கில் விற்ற வண்டி என்பதால் சாமான் இன்னும் கிடைக்கிறது. ஆனால் போலிச் சாமானும் அதே தாராளத்தோடு கிடைக்கிறது. பில்லோடு வாங்குங்கள். கார்புரேட்டர் வேலை கற்ற மெக்கானிக்குகள் வயதாகி ஓய்கிறார்கள் என்பதும் கணக்கில் சேர வேண்டிய விஷயம்தான்.

பணக் கணக்கு

மாதம் 1,000 கிலோ மீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காக உள்ள வண்டி லிட்டருக்கு 14 கிலோ மீட்டர் கொடுத்தால் மாதச் செலவு சுமார் 7,150. தேய்ந்து 11 கொடுத்தால் 9,100. மாதம் 1,950 ரூபாய் புகையாகப் போகிறது, ஆண்டுக்கு 23,400. இது மூட்டையின் குறையால் வரும் நஷ்டம். என்ஜின் வேலை பார்த்தால் இது திரும்பக் கிடைக்கும்.

இப்போது புதிய வண்டி. அது 18 கொடுப்பதாக வைத்தாலும் மாதச் செலவு 5,560. ஒழுங்காக உள்ள பழைய வண்டியைவிட மிச்சம் சுமார் 1,600 ரூபாய். ஐந்து லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 10,600. மைலேஜ் மிச்சம் தவணையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மைலேஜுக்காக மட்டும் வண்டி மாற்றுவது கணக்குக்கு ஒத்துவராது.

ஆனால் லோடு வளர்ந்துவிட்டது, ஒரு நடையில் முடிய வேண்டியது இரண்டு நடை ஆகிறது, வண்டி மாதத்தில் இரண்டு நாள் பட்டறையில் நிற்கிறது என்றால் கணக்கு மாறும். ஆட்கூலி, தவறிப்போன ஆர்டர், வாடகை ஆட்டோ எல்லாவற்றையும் மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அந்தத் தொகை தவணையை நெருங்கினால் மாற்றும் வேளை வந்துவிட்டது.

பணத்தில் அடங்காத கணக்கு ஒன்றும் உண்டு. ஆம்னி 2019இல் நின்றதற்குக் காரணம் என்ஜின் அல்ல. புதிய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு அதன் உடம்பு ஈடுகொடுக்க முடியாது என்பதால்தான். ஓட்டுகிறவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவே ஒரு தகடுதான் இருக்கிறது. டவுனுக்குள் மெதுவாகப் போய்வரும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் விடியற்காலையில் ஓட்ட வேண்டிய வேலை என்றால், அதுவும் உங்கள் பிள்ளையோ கடைப் பையனோ ஓட்டுவதென்றால், என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேறு வண்டி பாருங்கள்.

முடிவாக, 796 சி.சி. என்ஜின் டிசைன் அதற்குரிய வேலையில் இன்றும் தாங்குகிறது. குறைந்த லோடு, குறைந்த தூரம், சமதரை, எம்.பி.எப்.ஐ. வண்டி, துருவில்லாத உடம்பு என்ற ஐந்தும் சேர்ந்திருந்தால் தயங்காமல் வைத்துக்கொண்டு செலவு செய்யலாம். கார்புரேட்டர் வண்டி என்றால் குழாய்களை மாற்றி, நல்ல மெக்கானிக் அருகில் இருக்கும் வரை வைத்துக்கொள்ளலாம். லோடு மீறுகிறது, நெடுஞ்சாலை ஓட்டம், உடம்பு அரித்திருக்கிறது என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும், நல்ல விலை கிடைக்கும்போதே கைமாற்றிவிடுவது உத்தமம். ரகத்தைத் தெரிந்துகொண்டு மூட்டையைக் குத்திப் பார்த்து வாங்குவது நமக்குப் புதிய பாடமல்ல. கடையில் செய்வதை வண்டியிடமும் செய்தால் போதும்.